நானாவின் சொந்தக் குரல்

ஒடும்பேம் ஊர்ச் சந்தையில் கருவாடும் புகைமீனும் விற்கிற பிராகோவுக்கு ரேடியோக்காரி ஆகிற ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஊருக்கென்று புதிதாக ஒரு சமுதாய வானொலி வந்தது. ஊர்க்காரர்களே நிகழ்ச்சி செய்யவேண்டும், அதற்குப் பயிற்சி உண்டு, பயிற்சி நாட்களில் மத்தியானச் சாப்பாடும் உண்டு என்று தண்டோரா போட்டார்கள். சாப்பாட்டுக்காகத்தான் போகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரிகள் கேலி செய்தார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, சந்தையைப் பற்றிப் பேச யாராவது வேண்டுமே என்கிற தவிப்பு.

சந்தையை ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கிற பொட்டலுக்கு மாற்றவேண்டும் என்று மாவட்ட அதிகாரிகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அங்கே ஒரு மரம் கிடையாது. வெயில் ஏறினால் கருவாடு மறுபடியும் ஒருமுறை காயும், மழை பெய்தால் கருவாடு மறுபடியும் மீனாகும். சந்தை இருக்கிற நிலம் ஊர்த்தலைவர் நானாவுடையது என்பதால் அவர் ஒரு சொல் சொன்னால் அதிகாரிகள் வாயைத் திறக்கமுடியாது. அந்தச் சொல்லுக்காகத்தான் சந்தைப் பெண்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி கொடுக்கத் தலைநகர் அக்ராவிலிருந்து வந்தவர் டெட்டே. நல்ல மனுஷன், ஆனால் அவர் ஒரு விதியைச் சொல்லிமுடிப்பதற்குள் அதற்கு எதிரான இன்னொரு விதியும் வந்து விழும். யார் பக்கமும் சேராதே என்பார். உன் ஊர்க்கவலையை உன் வாயாலேயே சொல் என்பார். கேட்டதைக் கேட்டபடி போடு என்பார். தேவையில்லாததை வெட்டு என்பார். தேவையில்லாதது எது என்று கேட்டால், போகப்போகத் தெரியும் என்பார். பிராகோவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஒரு விதியை மட்டும் அவர் தினமும் சொன்னார், அது அவள் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது.

"யாரோட சொல்லோ, அது அவங்க வாயிலருந்தே வரணும். அவங்க சொந்தக் குரல் வேணும். மச்சான் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாங்கிறதெல்லாம் வதந்தி. புரியுதா?"

டாக்ஸி ஓட்டுகிற ஃபோர்ஜூரும் பயிற்சிக்கு வந்திருந்தான். அவன் கையைத் தூக்கினான். "சார், நம்ம நானா சொல்றதைப் பதியணும்னா என்ன பண்றது?"

"பதிவுப் பெட்டியை அவர் பக்கத்துல வைங்க."

"பக்கத்துல வச்சா அவர் விடுற கொட்டாவிதான் சார் பதியும்."

எல்லாரும் சிரித்தார்கள். டெட்டேவும் சிரித்தார். ஆனால், "கொட்டாவின்னா கொட்டாவி. வைங்க" என்றார்.

நானா பேசினால் ஊர் கேட்காது. கேட்கக்கூடாது. அவர் தோள்துணியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு மெல்ல முணுமுணுப்பார். பக்கத்தில் தங்கப்பூண் போட்ட கோலோடு நிற்கிற ஒச்சியாமே, அதாவது தலைவரின் வாயாக இருக்கிறவர், அதை வாங்கி, அழகுபடுத்தி, சபைக்கு உரக்கச் சொல்லுவார். ஒச்சியாமே சொன்னபிறகுதான் அது சொல். ஒடும்பேமில் அந்தக் கோலைத் தூக்குகிறவர் அடோமாகோ, பிராகோவின் தாய்மாமா. அம்மாவழிக் குடும்பத்துக்கு அவர்தான் தலை. அவருக்கு ஒரு கெட்ட பெயர் வந்தால் அது பிராகோவின் பெண் வரைக்கும், பெண்ணுக்குப் பெண் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அடோமாகோவுக்குக் குரல் பெரிது, கர்வமும் பெரிது. ஊரில் வானொலி வந்த நாளிலிருந்து அவர் வீட்டு ரேடியோ சுவர் அதிர அலறிக்கொண்டிருந்தது. ஒச்சியாமே வீட்டு ரேடியோ இருக்கும்போது எங்களுக்கு எதற்குத் தனி ரேடியோ என்று அந்தத் தெருவே பேசிக்கொண்டது. யாராவது பேசினால் அடோமாகோ கண்கொட்டாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அது மரியாதை என்று ஊர் நினைத்தது. ஒன்றை இரண்டு தரம் சொல்லவைப்பார். அது திமிர் என்று பிராகோ நினைத்தாள்.

சபை கூடிய நாளில் சந்தையே நானாவின் முற்றத்துக்கு வந்துவிட்டது. பிராகோ பதிவுப் பெட்டியைத் துணிக்குள் பொத்திக்கொண்டு மாமாவிடம் போனாள்.

"மாமா, இதை நானாவோட நாற்காலிகிட்ட வைக்கணுமாம். சார் சொன்னார்."

அடோமாகோ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் குரல் எங்க வச்சாலும் கேக்கும்டி. அடுத்த ஊர்ல வச்சாலும் கேக்கும்."

"இருந்தாலும் மாமா."

"குடு." அவரே கொண்டுபோய் நானாவின் கால்மணைக்கு அடியில் வைத்தார்.

பெண்கள் தங்கள் குறையைச் சொன்னார்கள். மாவட்ட அதிகாரி தன் பங்குக்குச் சொன்னார். நானா துணியை வாய்க்கு உயர்த்தினார். அடோமாகோ பக்கவாட்டில் குனிந்து, பலமாகத் தலையாட்டிவிட்டு, கோலை ஊன்றி நிமிர்ந்தார்.

"நானா சொல்றார். தாய் பிள்ளையை இறக்கி வைக்கறதுக்கு முன்னாடி பாயை விரிப்பா. பொட்டல்ல முதல்ல கூரை வரட்டும். சந்தைக்காரி ஒவ்வொருத்தி தலைக்கு மேலயும் கூரை வந்தப்புறம் வாங்க, பேசலாம். அதுவரைக்கும் சந்தை இருந்த இடத்துலயே இருக்கும்."

பெண்கள் வெள்ளைத்துணி வீசி ஆடினார்கள். பிராகோவும் ஆடினாள். மாமாவை நினைத்துப் பெருமையாக இருந்தது அவளுக்கு, கண்கூடக் கலங்கிவிட்டது.

மறுநாள் கடையில் வியாபாரம் மந்தமான நேரத்தில், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து காதில் மாட்டுகிற கருவியைப் போட்டுக்கொண்டு பதிவைக் கேட்டாள். பெண்கள் பேசியது இருந்தது. அதிகாரி பேசியது இருந்தது. அப்புறம், காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி, ஒரு முதியவரின் குரல். அவள் பிறந்ததிலிருந்து கேட்டிராத குரல்.

"அடோமாகோ, முதுகு உயிரை எடுக்குது. இந்த நாற்காலியை மாத்தச் சொல்லணும். உன் துணி நழுவுது பாரு, இடது பக்கம். இவ்வளவு பொம்பளைங்க எதுக்கு வந்திருக்காங்க, சந்தைக்கா? சரி, நீயே சொல்லு. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. போன தடவையும் நல்லாத்தான் சொன்ன."

அதற்கு மேல் மாமாவின் குரல், தாயும் பாயும் கூரையும். பிராகோ கருவியைப் பிடுங்கிக் கூடைமேல் போட்டாள். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

நானா ஒன்றுமே சொல்லவில்லை. அப்படியானால் சந்தை இருக்கும் என்று சொன்னது யார்? நானாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதா? மாமா ஊரை ஆண்டுகொண்டிருக்கிறாரா? போன வருஷம் எல்லைத் தகராறில் ஒரு தீர்ப்பு வந்ததே, அது யாருடையது? கிணறு விஷயம்? தன் மகள் கல்யாணத்துக்கு நானா வாழ்த்துச் சொன்னார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அது? ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் துணியே பிரிந்து வந்தது.

அன்று வகுப்பில் அவள் சுற்றிவளைத்துக் கேட்டாள்.

"சார், ஒருத்தர் சொல்லாததை இன்னொருத்தர் அவர் சொன்னதா சொன்னா?"

"பொய்" என்றார் டெட்டே.

"அது நல்ல விஷயமா இருந்தா?"

"நல்ல பொய்."

"முதல் ஆள் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு, மறுக்காம இருந்தா?"

டெட்டே கொஞ்சநேரம் மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்தார். "அப்ப அது அவர் ஒத்துக்கிட்டதா ஆகுது. இல்ல, இரு. ஒத்துக்கிட்டதும் சொன்னதும் ஒண்ணு இல்ல. நீ யாரைப் பத்திக் கேக்கற?"

"சும்மாதான் சார்."

"சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சந்தைப் பதிவை என் கையில குடுத்துடு. சாயங்கால நிகழ்ச்சிக்கு அதுதான் முக்கியம். நானாவோட சொந்தக் குரல் இருக்குல்ல?"

"இருக்கு சார்" என்றாள். அது உண்மை. ஆனால் வாயிலிருந்து வரும்போது திருட்டுப் பொருள் மாதிரி வந்தது.

பதிவைக் கொடுத்தால் சந்தை போய்விடும். தலைவர் சொல்லாத சொல்லுக்கு எந்த அதிகாரி கட்டுப்படுவான்? மாமாவின் கோல் போகும், குடும்பத்தின் முகம் போகும். கொடுக்காவிட்டால், இத்தனை நாள் படித்தது எதற்கு? ஊரிலேயே அந்தக் குரலைக் கேட்ட ஒரே ஆளாக வாயைப் பொத்திக்கொண்டு சாகவேண்டியதுதான். பிராகோவுக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொறுக்கமுடியாமல் மாமா வீட்டுக்குப் போனாள். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அதை அவளே அணைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக்கூடாது. நானா சொல்றதைத்தான் நீங்க சொல்றீங்களா?"

"என்னது?"

திரும்பவும் சொன்னாள். அவர் அவள் வாயையே பார்த்தார். முகம் கறுத்தது.

"யார்கிட்ட என்ன பேசற நீ? உங்கம்மா உயிரோட இருந்தா உன்னை விளக்குமாத்தால அடிச்சிருப்பா. நானாவோட நான் வளந்தவன். அவர் நினைக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

"நினைக்கறதை விடுங்க மாமா. சொல்றதைக் கேக்கறேன்."

பிராகோ கருவியை அவர் காதில் மாட்டிவிட்டுப் பெட்டியை ஓடவிட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கி உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் வரலையே."

"வருது மாமா. பேசறாங்க பாருங்க."

"வரலைன்னா வரலை. உன் பெட்டி கெட்டுப்போச்சு."

அவள் ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கருவியிலிருந்து சத்தம் வெளியே வழிந்தது. அறைக்கு அந்தப் பக்கம் இருந்த கோழிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. மாமா அசையவில்லை. ஒலிச் சக்கரம் முடிகிற இடம் வரைக்கும் திருகிய பிறகுதான் அவர் தோள் திடுக்கிட்டது.

"நானா" என்றார் மெதுவாக. பிராகோ அவர் மெதுவாகப் பேசிக் கேட்டதே அன்றுதான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவர் அதிர்கிற ரேடியோ, முகத்தையே பார்க்கிற கண், இரண்டு தரம் சொல்லவைக்கிற திமிர். மாமாவுக்குக் காது போய்விட்டது. துணிக்குப் பின்னால் முணுமுணுக்கிற வாயை அவரால் பார்க்கவும் முடியாது. காதில்லாத ஒச்சியாமே, குளம்பில்லாத குதிரை. தெரிந்தால் கோலைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அந்த மனுஷன் இத்தனை காலம் தன்னந்தனியாக வேஷம் போட்டிருக்கிறார். அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். முதுகுவலி போயிற்று, நழுவிய துணி போயிற்று, நீயே சொல்லு என்பதும் போயிற்று. அவருடைய குரலே கூரைபற்றி முழங்கி ஓய்ந்தது. பிராகோ கேட்காமல் விட்ட இடம் அது. பெண்களின் குலவைச் சத்தத்துக்கு அடியில் நானாவின் குரல் தொடர்ந்து வந்தது. வழிகிற சத்தத்தில் அவளுக்கும் நன்றாகக் கேட்டது.

"ம், கூரையா. நல்லது. எனக்குத் தோணலை பாரு. உன் காது போனதுலருந்து ஊருக்கு நல்லதுதான் நடக்குது, அடோமாகோ. உன்கிட்ட இதைச் சொல்லணும்னு பாக்கறேன். சொன்னா நீ கோலைக் கீழ வச்சிருவ. அப்புறம் நான் யார்கிட்ட பேசறது?"

மாமா கருவியைக் கழற்றவே இல்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"தெரிஞ்சிருக்கு" என்றார். "இவ்வளவு நாளா தெரிஞ்சிருக்கு. நான்தான் முட்டாள்." அப்புறம், "அவருக்கு நான்தான் வாய்னு நினைச்சேன். பிச்சை போட்டிருக்கார்" என்றார்.

"அப்படி இல்ல மாமா."

"காலைல நானாகிட்ட போறேன். கோலை வச்சிடறேன். அந்தச் சந்தைச் சொல்லும் என்னோடது, அதையும் திரும்ப எடுத்துக்கறேன். நீ கூட வா."

சந்தை பிழைக்கவேண்டும் என்றுதானே அவள் ரேடியோவுக்குப் போனாள்? பெட்டியைத் தூக்கி நடந்து நடந்து, சந்தையைத் தன் கையாலேயே புதைக்கிற இடத்துக்கு வந்து நின்றாள். ராத்திரி தூங்கினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

காலையில் மாமா நல்ல துணியைக் கட்டி, கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். முற்றத்து வாசலில் செருப்பைக் கழற்றினார், தோள்துணியை இறக்கினார். வாசலில் கால் வைக்கும்போதே பெட்டியைப் பதிவுக்கு ஓடவிடவேண்டும் என்று டெட்டே பழக்கியிருந்ததால், பிராகோவின் விரல் அவளைக் கேட்காமலேயே அதை அழுத்திவிட்டது. நானா சாய்வாக உட்கார்ந்து சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பணியாட்கள் தள்ளி நின்றார்கள்.

அடோமாகோ முழங்கால் மடித்துக் கோலை நானாவின் காலடியில் வைத்தார். "நானா, இதைத் தூக்கற தகுதி எனக்கு இல்லை. என் காது..." என்றார். பெரிய குரல் அங்கேயே உடைந்துவிட்டது.

நானா கஞ்சிக் கிண்ணத்தை இறக்கிவைத்து, துணியை வாய்க்கு நேரே உயர்த்தினார். மெல்ல ஏதோ முணுமுணுத்தார்.

அடோமாகோவுக்குக் கேட்கவில்லை. பழக்கத்தில் தலையாட்டப் போனவர், இனி ஆட்டி என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ, பிராகோவிடம் திரும்பினார்.

"என்ன சொன்னார்?"

பிராகோவுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. ஒரு எழுத்து விடாமல் கேட்டிருந்தது. "இவன் காலைல சாப்பிட்டானா? முகம் வாடியிருக்கு. இந்தக் கஞ்சில சர்க்கரையே இல்லை, அது வேற." இவ்வளவுதான் நானா சொன்னது.

கேட்டதைக் கேட்டபடி போடு. தேவையில்லாததை வெட்டு. சொந்தக் குரல். மச்சான் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எல்லா விதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு ஓடின. மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளையே காலடியில் வைத்துவிட்டு நிற்கிற மனுஷனிடம் போய் கஞ்சியில் சர்க்கரை இல்லை என்றா சொல்லுவது?

"நானா சொல்றார்" என்று அவள் ஆரம்பித்தாள். அவளுடைய குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "'என் வாய்க்குக் காது எதுக்கு? கோலை எடு, அடோமாகோ. நான் இருக்கிற வரைக்கும் அது உன் கையிலதான் இருக்கணும். சந்தை விஷயத்துல நீ சொன்னது என் சொல்'. அப்படின்னு சொல்றார் மாமா."

பணியாட்கள் தரையைப் பார்த்தார்கள். இப்போது நானா மறுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவர் துணிக்கு மேலாக அவளையே பார்த்தார். ரொம்பநேரம் பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் முணுமுணுத்தார்.

"ம், கோலா. நல்லது. எனக்குத் தோணலை பாரு."

"இப்ப என்ன சொன்னார்?" என்று மாமா பதறினார்.

"'நல்லது'ன்னு சொன்னார் மாமா."

இதை மட்டும் அவள் கேட்டபடியே சொன்னாள். அடோமாகோ குனிந்து கோலை எடுத்தார். எழுந்திருக்கமுடியாமல் தடுமாறினார், அவள் கை கொடுத்தாள்.

மத்தியானம் வானொலி நிலையத்தில் அவள் கொடுத்த பதிவை டெட்டே முழுக்கக் கேட்டார். பெண்கள் இருந்தார்கள், அதிகாரி இருந்தார், கூரையைப் பற்றி அடோமாகோவின் குரல் இருந்தது. முணுமுணுப்பு எதுவும் இல்லை, தேவையில்லாததை அவள் வெட்டியிருந்தாள்.

"எல்லாம் சரி. நானாவோட சொந்தக் குரல் எங்க?" என்றார்.

"அதுதான் சார்."

"இது ஒச்சியாமே."

"ஆமா சார்."

ஃபோர்ஜூர் கதவுப் பக்கமிருந்து, "நாங்க பொறந்ததுலருந்து நானாவோட குரல் அதுதான் சார்" என்றான்.

டெட்டே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சொன்னது நானாதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா, பிராகோ?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். காலையில் முற்றத்தில் தன் வாயிலிருந்து வந்தது யாருடைய சொல் என்று அவளுக்கு இன்னும் விளங்கியிருக்கவில்லை. அதைப் பதிந்த பெட்டி அவள் மடியில்தான் இருந்தது. போட்டுக்கேட்டால் அதில் அவள் குரல்தான் இருக்கும், ஆனால் நானா சொல்றார் என்றுதான் ஆரம்பிக்கும்.

"என் காதால கேட்டேன் சார்" என்றாள்.